மாடியில் ஒரு குளம்

கும்மிடிப்பூண்டியில் அரைக் கிரவுண்டில் வீடு கட்டுகிறேன் என்றால், "சிப்காட்ல கம்பி ஃபாக்டரியே இருக்கே, சல்லிசா கிடைக்குமே!" என்கிறார்கள் ஆபீஸில். கடலோரத்தில் குடியிருப்பவனுக்கு மீன் இலவசமா சார்? கம்பி லாரி நம் தெருமுனை வழியாகத்தான் போகிறது. விலை மட்டும் ஊர் விலை.

வாடகை ஒரு பக்கம், ஈ.எம்.ஐ. ஒரு பக்கம். தளம் போட்ட மறுநாளே மேஸ்திரி, "மூணு நாள் தண்ணி விட்டா போதும் சார்" என்றார். அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 (2000). கான்கிரீட் காய்ந்து இறுகுகிற சமாசாரம் இல்லை; சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. பாதியில் காய்ந்தால் விரிசல், அப்புறம் ஒழுகல்.

அப்பா விடவில்லை. தினமும் திருவொற்றியூரிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வந்து, மாடியில் பாத்தி கட்டி, ஹோஸும் கையுமாக நின்றார். முப்பது வருஷம் ஒண்டுக் குடித்தனத்தில், வீட்டுக்காரம்மா எண்ணிக் கொடுத்த ஆறு குடம் தண்ணீரில் எங்களை வளர்த்தவர்.

பதினோராம் நாள், "போதும்ப்பா" என்றேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமேடா" என்றார், குழாயை மூடாமல்.