ஏற்றாமலே இதமாக ஓடும் பிக்கப்

பிக்கப் வாங்கும் நம் இளைஞர்கள் பலர் பட்டறையில் முதலில் கேட்பது, "எத்தனை இஞ்சு ஏத்தலாம்?" என்பதைத்தான். உயரமாக நின்றால் பார்க்கக் கம்பீரம், கரடுமுரடான பாதையில் அடிப்பாகம் தட்டாது. இரண்டும் உண்மைதான். ஆனால் வண்டியை ஏற்றிவிட்டால் குலுக்கல் போய்விடும் என்று நினைப்பது சரியில்லை. குலுக்கலை அடக்குவது உயரமல்ல, அப்சோபர்.

என்னுடையது டோயோட்டா ஹைலக்ஸ். தண்ணீர் பம்பு பொருத்தும் வேலை என்பதால் பின்னால் கருவிப் பெட்டிகள் எப்போதும் இருக்கும். அதே வண்டியில்தான் மாதம் இருமுறை அம்மாவைச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, முதுகிலும் வலி. தார்ச்சாலையைத் தொடும்வரை செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. குலை ஏற்றும் லாரிகள் உழுதுபோட்ட பள்ளங்கள், மழை பெய்தால் இன்னும் மோசம். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே பாதி உசுரு போயிடுதுப்பா" என்பார்.

வண்டி 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பின்பக்க அப்சோபர் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. "மாத்துறதுதான் மாத்துற, ரெண்டு இஞ்சு ஏத்திடுடா" என்றார்கள் நண்பர்கள். நான் சம்மதிக்கவில்லை. அம்மா இப்போதே கைப்பிடியைப் பிடித்து, பக்கப் படியில் ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கித்தான் ஏறுகிறார். அந்த இரண்டு இஞ்சு எனக்கு அழகு, அவருக்கு ஒரு மலை.

வேறு காரணங்களும் உண்டு. உயர்த்தினால் வண்டியின் எடை மையமும் மேலே போகும், வளைவில் சாய்வு கூடும். முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளின் கோணம் கூடி, சிவி ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் ஜேபிஜே கேள்வி கேட்கும், விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

ஸ்பிரிங்குக்கும் அப்சோபருக்கும் வேலை வேறு. எடையைத் தாங்குவதும் உயரத்தைத் தீர்மானிப்பதும் ஸ்பிரிங். அது ஒருமுறை அமுங்கினால் பலமுறை ஆடும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அப்சோபர். உள்ளே இருக்கும் பிஸ்டன், சின்னத் துளைகள் வழியாக எண்ணெயைத் தள்ளுகிறது. ஆட்டத்தின் வேகம் சூடாக மாறுகிறது. பள்ளமான பாதையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் காய்ந்து, நுரைத்து, பிடிப்பு குறைந்துவிடும். பயணத்தின் கடைசியில் குலுக்கல் அதிகமாகத் தெரிவது இதனால்தான்.

அப்சோபரில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது. இரட்டைக் குழாய் வகை மலிவு, வெளியே கல் பட்டு நசுங்கினாலும் சமாளிக்கும். ஒற்றைக் குழாய் வகையில் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் கலக்காமல் தனித்தனியே இருக்கும். சூடு நேராக வெளிச்சுவருக்கு வருவதால் சீக்கிரம் ஆறும், ஆனால் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கும், விலையும் கூடுதல். எங்கள் பாதை நீளமானது, கல் குறைவு. அதனால் ஒற்றைக் குழாய் வகையை எடுத்தேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏற்றிய வண்டிக்கான அப்சோபர் நீளமாக இருக்கும். அதைச் சாதாரண உயர வண்டியில் மாட்டினால், பெரிய பள்ளத்தில் ரப்பர் தடுப்பு தொடுவதற்கு முன்பே அப்சோபர் முட்டி உடையலாம். "ஏற்றாத வண்டிக்கு" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது எடை. பின்பக்க இலை ஸ்பிரிங் ஏறத்தாழ 1 டன் சுமைக்குச் செய்தது. அதனால்தான் காலி பிக்கப் துள்ளுகிறது. பட்டறை அண்ணன் முதலில் கேட்டதே, "தம்பி, பின்னால எப்பவும் எவ்வளவு வெயிட் வச்சிருப்பீங்க?" என்பதுதான். என் பெட்டிகள் 150 கிலோவுக்குள் என்றதும், "அப்ப ஸ்பிரிங்ல கை வைக்க வேணாம்" என்றார். கனமான ஸ்பிரிங் போட்டிருந்தால் குலுக்கல் கூடியிருக்கும்.

தேய்ந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். அவற்றின் போல்ட்டை, வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு சக்கர அலைன்மெண்ட். என் மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல் செலவானது.

பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கிறது. இறங்கும்போது தெரிகிறது, ஆனால் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. மெதுவாகப் போகும் பழக்கத்தை நான் விடவில்லை. அப்சோபர் என்ன செய்தாலும் வேகமாகப் போனால் முதுகு தாங்காது. அம்மாவுக்கு அப்சோபர் என்றால் என்னவென்று தெரியாது. போன வாரம் தார்ச்சாலை வருவதற்குள்ளேயே அவர் தூங்கிவிட்டார்.

வீட்டில் வயதானவர்களை ஏற்றிச் செல்லும் பிக்கப் இருந்தால், பணத்தை உயரத்தில் போடுவதற்குமுன் அப்சோபரில் எண்ணெய் கசிகிறதா, டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா, காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.