வாளை தேடிப் போனோம்

கண்டி என்றவுடன் தலதா மாளிகையும், எசல பெரஹராவும், பேராதனைப் பூந்தோட்டமுமே எவர்க்கும் நினைவில் எழும். மீன் எவர்க்கும் நினைவில் எழாது. நகரின் நடுவே, 1807ஆம் ஆண்டில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்வெளியை மறித்துக் கட்டுவித்த ஏரியில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே தூண்டில் போடுவது தடை. கரையில் நின்று பொரி தூவிப் பார்த்து மகிழலாம், அவ்வளவுதான். எனவே இந்நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் மீன்பிடிப்பைப் பற்றி நாம் அறிந்தது ஒன்றுமில்லை. அதிலும் மரக்கறி உணவன்றி வேறறியாத சைவ வீட்டில் பிறந்தவர்கள் நாம்.

அத்தகைய எம்மை நீர்த்தேக்கத்துக்கு நடுவே, லொறிச் சக்கர டியூப் ஒன்றின்மேல் உட்கார வைத்தது குறுந்தொகையே என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். அந்நூலின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. வயலோரத்து மாமரத்திலிருந்து கனிந்து விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகின்ற காட்சி அதில் வருகிறது. பல ஆண்டுகளாக வகுப்பில் அதனை விளக்கி வந்திருக்கிறோம். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “சேர், வாளை எப்படி இருக்கும்?” என்றான்.

“நீளமாக இருக்கும், பெரிதாக இருக்கும்” என்றோம்.

“நீங்க பார்த்திருக்கிறீங்களா, சேர்?”

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா எம்மை விடவில்லை. காணாத பொருளைக் கண்டதுபோல் இத்தனை காலம் கற்பித்து வந்தோமே என்ற நாணம் உள்ளே கிடந்து உறுத்தியது. மறுநாள் அம்மாணவனே எம்மிடம் வந்தான். தன் பெரியப்பா விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பவர் என்றும், விரும்பினால் அழைத்துச் செல்வதாகவும் சொன்னான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டோம். கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் குண்டசாலை, பல்லேகலை, திகனை ஆகிய ஊர்களைக் கடந்து பேருந்து சென்றது. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கடலடைகிறது. அது கண்டியை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகும் அழகு இவ்வழியில் செல்வோர்க்குத் தெரியும். 1976இல் பொல்கொல்லையில் அதனை மறித்து, ஒரு பகுதி நீரை மலைக்குள் குடைந்த சுரங்க வழியே மாத்தளைப் பக்கம் திருப்பினார்கள். 1985இல் அதற்குக் கீழே விக்டோரியா அணை எழுந்தது. 122 மீற்றர் உயரமுள்ள அதுவே இந்நாட்டின் மிக உயர்ந்த அணை.

அணை எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருள் மூழ்கியது. கடைத்தெருவும், வீடுகளும், வழிபாட்டிடங்களும் கீழே கிடக்கின்றன. கடும் வறட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது அவற்றின் சுவர்கள் தலைகாட்டும். அந்நாள்களில் பழைய ஊரவர் வந்து, தம் வீடு நின்ற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாம். நாம் சென்ற நாளில் நீர் நிறைந்திருந்தது. மனிதர் விட்டுப்போன அந்த நகரத்தில் இப்போது மீன்கள் குடியிருக்கின்றன என்று எண்ணியபோது உடல் சற்றுச் சிலிர்த்தது.

மாணவனின் பெரியப்பாவுக்கு ஐம்பதைக் கடந்த வயது. இளமையில் தோட்டத்தில் வேலை செய்தவர். வலையில் விழுவது பெரும்பாலும் திலாப்பியாதான் என்றார். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மீன் 1952இல் இங்கு கொண்டுவரப்பட்டது. இன்று குளந்தோறும் அதன் ஆட்சிதான். “ஆனா கெளிறும் வாளையும் நம்ம ஊர் மீனுங்க, சேர். அதுகளுக்கு வலை வேணாம், பொறுமைதான் வேணும்” என்றார்.

கெளிற்று இனத்து மீன்களுக்குச் செதில் இல்லை. வாயைச் சுற்றிப் பூனைக்கு இருப்பது போன்ற மீசைகள் உண்டு. கலங்கிய நீரில் கண் பயன்படாதபோது அம்மீசைகளாலேயே தடவிச் சுவையறிந்து இரையைத் தேடும். காற்றுப்பையையும் காதையும் சிறு எலும்புகள் இணைப்பதால், நீருள் எழும் மெல்லிய ஓசையும் அதற்குக் கேட்கும். சிறு கெளிற்றின் இரு பக்கத்துச் செட்டை முள்ளும் குத்தினால் நெடுநேரம் கடுக்கும். சுங்கான் என்னும் வகையின் முள்ளில் நஞ்சே உண்டு. வாளையோ இவ்வினத்துப் புலி. அகன்ற வாயும், கூரிய சிறு பற்களும் உடையது. ஒரு மீற்றருக்கு மேலும் வளரும். பிற மீன்களை விழுங்கி வாழ்வது. மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் அது குறைந்து வருகிறது என்று உலக அறிஞர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

பெரியவர் தம் கருவிகளைக் காட்டினார். கடையில் வாங்கியது கொக்கியும் நரம்பும் மட்டுமே. மற்றவை யாவும் கைவேலை. பழைய தேக்கரண்டியின் காம்பை அறுத்துவிட்டு, குழிந்த பகுதியின் இரு முனையிலும் துளையிட்டிருந்தார். மும்மூன்று கொக்கிகளை முதுகோடு முதுகு சேர்த்துச் செம்புக் கம்பியால் இறுக்கி ஈயம் பற்றவைத்து, ஒன்றை வால்புறத்திலும் ஒன்றை நடுவிலும் தொங்கவிட்டிருந்தார். ஆக ஆறு கொக்கிகள். வாலில் சேவலின் சிவந்த இறகு. நீரில் இழுக்கும்போது கரண்டி தள்ளாடி மினுங்கும். அடிபட்ட சிறு மீன் என்று வாளை ஏமாந்து பாயும். பல்லுக்கு நரம்பு அறுந்துவிடும் என்பதால் முன்னே ஒரு சாண் எஃகுக் கம்பி. சோற்றை அள்ளிய கரண்டி மீனை அள்ளப் போகும் விந்தையை எண்ணி வியந்தோம்.

மிதவையோ இரண்டு லொறி டியூப்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நைலோன் கயிற்றால் பின்னிய இருக்கை. இரண்டையும் ஒரு பலகையால் பிணைத்திருந்தார். ஒன்று ஓட்டையானால் மற்றது தாங்கும் என்பது அவர் கணக்கு. கையளவு பலகைகள் இரண்டே துடுப்பு. படகைவிட இது நல்லது என்றார். மரத்தில் தட்டும் ஓசை எழாது, மீன் கலையாது. கொக்கிகளை மட்டும் ஒரு தேங்காய் மட்டையில் குத்தி வைத்திருந்தார். காற்றடைத்த ரப்பரும் கூரிய கொக்கியும் பரம எதிரிகள் அல்லவா?

எமக்கு நீச்சல் தெரியாது. அதனை வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஏறி அமர்ந்தோம். கற்றவர் செய்யும் மடமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. மாணவன் கரையிலேயே நின்றான்.

முதல் ஒரு மணி நேரத்தில் மண்புழு கோத்த சிறு தூண்டிலில் மூன்று கெளிறுகள் அகப்பட்டன. வெளியே எடுத்ததும் செட்டை முள்ளை உரசி ‘கிரிச், கிரிச்’ என்று ஒலித்தன. பின் கரண்டித் தூண்டிலை வீசி இழுத்தார், வீசினார், இழுத்தார். நக்கிள்ஸ் மலைப்பக்கம் நிழல் இறங்கியது. திடீரென்று நரம்பு விறைத்தது. பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு டியூப்களும் மெல்லத் திரும்பி, எவரோ கயிறுகட்டி இழுப்பதுபோல் நகர்ந்தன. அவர் நரம்பை விட்டுக் கொடுத்தார், இழுத்தார், மீண்டும் விட்டார். எவ்வளவு நேரம் என்று எமக்குத் தெரியவில்லை.

பிறகு எமது பக்கத்தில் நீர் பிளந்தது. அகன்ற தலை, நீண்ட மீசை, ஒரு வெள்ளிப் பளபளப்பு. கண்டது அவ்வளவே. நடுக் கொக்கிகள் அதன் தாடையில் பாய்ந்திருக்க, வால்கொக்கிகள் மூன்றும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன. மீன் தலையை உதறிய ஒவ்வொரு முறையும் அவை எமது டியூபை நோக்கிச் சுழன்று வந்தன. நாம் பலகையை இறுகப் பற்றினோம். எம் முகத்தை அவர் ஒரு கணம் பார்த்தார்.

“சேருக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது, அண்ணே.”

அடுத்த கணம் இடுப்புக் கத்தியை எடுத்து நரம்பை அறுத்துவிட்டார். நீர் மூடிக்கொண்டது.

கரை சேரும்வரை எவரும் பேசவில்லை. அந்த மீன் அவருக்குப் பல நாள் கூலி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். “மீன் நாளைக்கும் வரும். வாத்தியாரு வருவாரா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, நீரைப் பார்த்தபடி, “வாயில ஆறு கொக்கியோட போயிருச்சு. அது எப்படி இரை தின்னும்?” என்றார். தம் நட்டத்தை அவர் பேசவில்லை. அதன் பசியைப் பேசினார். அன்றிரவு எமக்கும் உறக்கம் சரியாக வரவில்லை. வாளையைக் காணவேண்டும் என்ற எமது ஆசை, ஒருவர் கூலியையும் ஓர் உயிரின் நிம்மதியையும் கொண்டு போயிற்றே என்று வருந்தினோம்.

ஒரு மாதம் சென்றிருக்கும். அம்மாணவன் காகிதத்தில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். புதிய கரண்டித் தூண்டில். வாலில் ஒரே ஒரு கொக்கி. அதன் எதிர்முள்ளும் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. தப்பிய மீன் எளிதில் உதறிவிடலாம். டியூபுக்கும் ஆபத்துக் குறைவு. நீருள் கிடக்கும் பழைய மரங்களிலும் சிக்காது. “இப்ப பெரியப்பா இப்படித்தான் செய்றாரு, சேர். மீன் ஒன்றும் குறையலையாம். அடுத்த தடவை உயிர்காப்பு அங்கி போட்டுட்டு வரச் சொன்னாரு” என்றான். மாணவர்களும் இதை மனத்தில் இருத்துவார்களாக. நீச்சலும் அங்கியும் இன்றி நீரில் இறங்குவது வீரம் அன்று.

அத்தூண்டில் இப்போது எமது புத்தக அலுமாரியில், குறுந்தொகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எட்டாம் பாட்டு வரும் நாளில் அதனை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறோம். வாளையைப் பார்த்திருக்கிறீர்களா என்று எவரேனும் கேட்டால், “தலையை மட்டும் பார்த்தோம்” என்று உண்மையைச் சொல்லிவிடுகிறோம்.