கேமரா வாங்கும் முன் கரண்ட் கணக்கைப் பாருங்கள்

முன்பெல்லாம் அலுவலகத்துக்கு வரும் விவசாயிகள் யூரியா இருப்பு, மானிய விதை என்றுதான் கேட்பார்கள். இப்போது பேச்சு முடிந்து எழும்போது, “தோட்டத்துல கேமரா வைக்கலாம்னு இருக்கேன், எது சார் நல்லா இருக்கும்?” என்பதும் சேர்ந்துகொள்கிறது. மோட்டார் கேபிளை அறுத்துப் போகிறார்கள், பட்டியில் ஆடு காணாமல் போகிறது. கொங்குப் பகுதியில் தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்படியொரு சாளைக்குப் போயிருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கேமராவை வாங்கி அனுப்பியிருந்தார். எழுபதைத் தாண்டிய அவருடைய அம்மா கேட்டார்: “ஏனுங் சார், கரண்ட் இல்லாதப்ப இது பாக்குமுங்களா?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மெயினை இறக்கிவிட்டு வருகிறவனுக்கு, பேட்டரி இல்லாத கேமரா சுவரில் மாட்டிய பொம்மை. மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரத்தையும் நம்ப முடியாது, அது முறை வைத்து வருவது. தவிர, இலவச இணைப்பு பாசனத்துக்குக் கொடுத்தது. அதில் வேறு எதையும் மாட்டுவது வம்பு.

சிம் போடும் 4ஜி கேமரா ஒன்று, இரவு விளக்கோடு சேர்த்து, சுமார் 6 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 144 வாட்-மணி. 12 வோல்ட், 40 ஏ.எச். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்காமல் எடுத்தால் 240 வாட்-மணி கிடைக்கும். வெயிலே இல்லாவிட்டாலும் ஒன்றரை நாள் தாங்கும். 75 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் 4 மணி நேரம் வேலை செய்தால் 300 வாட்-மணி. நடுவில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் அவசியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் சமாளிக்க நினைத்தால் பேட்டரியைப் பெரிதாக்குங்கள்.

பேனல் தெற்கே பார்த்து, லேசான சாய்வில் இருக்கட்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். சோலார் வேலிக்கு வைத்திருக்கும் பேட்டரியில் கேமராவையும் சேர்த்து மாட்டுகிறார்கள் சிலர். விடிவதற்குள் வேலியும் செத்து, கேமராவும் செத்து, காட்டுப்பன்றிக்குத்தான் கொண்டாட்டம்.

பேனலோடு சேர்ந்தே வரும் சின்ன கேமராக்கள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ஆள் அசைந்தால் விழித்துச் சில விநாடிகள் பதியும். பட்டிக்கு அது போதும். இரவு முழுக்கப் பதிய வேண்டுமென்றால் போதாது.

வீட்டிலிருந்து மெல்லிய ஒயரில் 12 வோல்ட்டை இழுத்துப் போகாதீர்கள். 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 60 மீட்டர் போனால், ஒரு ஆம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் வரை வழியிலேயே கரைந்துவிடும். அதன் பிறகு, “பகல்ல ஓடுது, ராத்திரி அணைஞ்சு போகுது” என்பார்கள். இரவு விளக்கு எரியும்போதுதானே இழுவை கூடும்!

வாங்குவதற்கு முன், கேமரா வைக்கப்போகும் இடத்திலேயே நின்று அதே கம்பெனி சிம்மில் வீடியோ கால் பேசிப் பாருங்கள். உயரம் எட்டு, பத்து அடி. அதற்கு மேல் போனால் தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாது. இரவு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் திரை முழுக்க வெள்ளை வலைதான்.

பம்புசெட் தொட்டிப் பக்கம் திருப்பவே கூடாது. அங்கே பெண்கள் குளிப்பார்கள். அந்த அம்மாவும் முதலில் கேமராவை அங்கிருந்து திருப்பச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து வாசலும் படத்தில் விழுந்தது. இரண்டு விரற்கடை திருப்பி, தடமும் வாசற்படியும் மட்டும் தெரியும்படி வைத்தோம். பெட்டியில் வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றியாயிற்று. சிம் ரீசார்ஜ் முடியும் தேதியைப் பால் கணக்கு எழுதும் காலண்டரில் அவரே குறித்துவைத்துக்கொண்டார்.