ஒப்படைத்துவிட்டு வருவது



உங்களில் பலர் இன்று கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறீர்கள். அதனால் இந்தப் பதிவு உங்கள் பாடம், என் வாயால்.

என் தங்கை மகள் சென்னையில் முதல் வேலையில் இருக்கிறாள். போன மாதம் போனில் அழுதாள். "பெரியம்மா, நான் எழுதின புரோகிராமை ஜென்கின்ஸ்தான் சர்வர்ல ஏத்தி ஓடவிடுது. வேலை நல்லபடியா முடிஞ்சுதுன்னும் காட்டுது. முடிஞ்ச கையோட என் புரோகிராமும் நின்னுபோகுது. மூணு நாளா இதே கதை. இந்த வேலை எனக்குச் சரிப்படாது, எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்."

அழுது முடியட்டும் என்று காத்திருந்தேன். "அஞ்சாம் கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு" என்றேன். தன் சீனியரிடம் கேட்டுக் கேட்டு, ஒரு வாரம் தினமும் எனக்குப் பாடம் நடத்தினாள்.

ஜென்கின்ஸ் ஒரு வேலையைத் தொடங்கும்போது அதில் பிறக்கும் எல்லாப் புராசஸுக்கும் ஓர் அடையாளச் சீட்டைக் கட்டிவிடுகிறது. என்விரான்மென்ட் வேரியபிள் என்று நீங்கள் சொல்வதுதான். வேலை முடிந்ததும் அந்தச் சீட்டு உள்ளவற்றைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அரைகுறையாக விட்டவை மெஷினில் குவிந்தால் அடுத்த வேலை திணறும். கடைசி மணி அடித்ததும் வகுப்பைக் காலிசெய்து பூட்டுகிறோமே, அதுபோல.

அவள் 'நோஹப்' போட்டுப் பார்த்திருக்கிறாள். டெர்மினல் இணைப்பு அறுந்தால் வரும் 'ஹேங்அப்' சிக்னலைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லும் பழைய ஏற்பாடு அது. ஜென்கின்ஸ் பார்ப்பது சீட்டை. அதனால் நோஹப் உதவவில்லை.

குறுக்குவழி ஒன்று உண்டு. பைப்லைனில் 'ஜென்கின்ஸ் நோட் குக்கி' என்ற வேரியபிளை 'டோன்ட் கில் மீ' என்று மாற்றிவிட்டால் புரோகிராம் தப்பிவிடும். "என்னைக் கொல்லாதே" என்று அது கெஞ்சுவதை நினைத்து இருவரும் சிரித்தோம். அழுத பிள்ளை அன்றுதான் சிரித்தாள்.

ஆனால் தப்பிய பிறகு அதை யார் கவனிப்பது? நடுராத்திரியில் விழுந்தால்? சர்வர் அணைந்து மறுபடி எழுந்தால்?

லினக்ஸில் நேர்வழி, சிஸ்டம்டியிடம் ஒரு சர்வீஸாக ஒப்படைப்பது. ஜென்கின்ஸ் புதுப் பிரதியை வைத்துவிட்டு, "மறுபடி தொடங்கு" என்று சொல்லி விலகிக்கொள்ளும். தொடங்குவது சிஸ்டம்டி என்பதால் ஜென்கின்ஸின் சீட்டு ஒட்டாது. விழுந்தால் எழுப்பவும், மெஷின் எழும்போது தொடங்கவும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அவள் அப்படியே செய்தாள். புரோகிராம் ஓடுகிறது. அவளும் வேலையில்தான் இருக்கிறாள்.

தப்பிப் பிழைப்பது வேறு, பொறுப்பான கையில் இருப்பது வேறு. எனக்குப் பிடிபட்ட பாடம் இது.

ஓய்வுபெற்ற நாளிலிருந்து என் திண்ணையில் மாலை வகுப்பு நடக்கிறது. என் முழங்கால் வலியோடு அது நின்றுவிடக் கூடாது. ஊரிலேயே இருக்கும் என் பிள்ளைகளில் இருவர், வாரம் இரண்டு நாள் ஏற்றுக்கொள்ள முடியுமா? பதிலைக் கமெண்டில் எழுத வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்