எழுத்து ஏறாத மண்டை

போன மாசம் தாராசுரத்தில் எங்க தெரு இரவுப் பாடசாலையில், பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசினோம். அதில் ஒரு தங்கச்சி சொன்னாள்: "அப்பாடா, தப்பிச்சேன் அக்கா. இனி செத்தாலும் புத்தகத்தைத் தொடமாட்டேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அவளுக்கு டிஸ்லெக்சியா. எனக்கும்தான்.

நாலாம் வகுப்பில் என்னைக் 'கொ' எழுதச் சொன்னார் வாத்தியார். கொம்பை முன்னால போடணும், சத்தமோ பின்னால வருது. எனக்கு அது பிடிபடவே இல்லை. ஒரு வரியை முடிச்சு அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள இடம் தொலைஞ்சுபோகும். "உங்க ஆளுங்களுக்கு நாத்து நடத்தான் வரும், எழுத்து எங்க ஏறும்?" என்று பிரம்பை ஓங்கினார். பக்கத்தில் இருந்த ஊர்த்தெருப் பையனும் அதே தப்பைத்தான் செஞ்சான். அவனுக்குக் கவனம் போதாது என்றார். என் தப்புக்கு மட்டும் சாதி இருந்தது.

எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கிற விதத்தில் உள்ள வேறுபாடு இது. அறிவு குறைவு இல்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991லேயே தொடங்கிவிட்டது. எங்க தெருவுக்கு அந்தச் சொல் வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1995ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016 சட்டம்தான் அதைச் சேர்த்தது. அதுக்குள்ள எங்க அண்ணன் எட்டாவதோட நின்னு, கொத்தனாருக்குக் கையாளாப் போயிட்டான். அவனுக்கும் இதேதான் என்று இப்போ நினைக்கிறேன். அவன் மக்கு என்றே நம்பி வாழ்ந்துட்டான்.

நான் காதால படிச்சேன். தோழி வாசிப்பாள், நான் கேட்பேன். செய்யுள் காதுக்குச் சீக்கிரம் பழகியது. எம்.ஏ. தமிழ் வரை அப்படித்தான் வந்தேன்.

எங்க அப்பாயிக்குக் கைநாட்டுதான். அறுபது வயசுக்கு மேல ஒற்றை நாற்று நடவு கத்துக்கிச்சு. கொத்தாக அள்ளி நட்ட கை, 14 நாள் நாத்தை ஒண்ணொண்ணாப் பிரிச்சு, கயித்துல போட்ட அடையாளம் பார்த்து 22.5 சென்டிமீட்டருக்கு ஒண்ணு நடணும். முதல் நாள் கோணிப்போச்சு. மறுநாள் திரும்பக் கேட்டுச்சு. அந்தப் போகம் முடியறதுக்குள்ள மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. "தெரியலன்னு கேட்டா என்ன கொறைஞ்சா போயிடுவ?" என்கும்.

தங்கச்சி, முடிஞ்சது பரீட்சைதான். படிப்பை விட்டுடாதே. வாசிக்கத் தெரியாத பத்திரத்தில் கைநாட்டு வாங்கித்தான் பஞ்சமி நிலத்தை எத்தனையோ ஊர்ல பிடுங்கினாங்க. பட்டம் வாங்கின நாம் தாளைக் கண்டு பயந்து ஒதுங்கினால் அதே கதைதான். சான்றிதழ் வாங்கு, போட்டித் தேர்வில் கூடுதல் நேரம் கேள், அது உன் உரிமை. கைபேசி இன்னைக்குத் தமிழை வாசிச்சுக் காட்டுது. அதைக் காதால கேள். அம்பேத்கர் சாகும்வரை எழுதிக்கிட்டிருந்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' அவர் இறந்தபிறகு 1957ல்தான் அச்சில் வந்தது.

ஞாயித்துக்கிழமை பாடசாலைக்கு வா. முதல்ல நான் வாசிக்கிறேன், தட்டுத் தடுமாறித்தான். நீ கேளு. அப்புறம் நீ வாசி, நான் கேட்கிறேன். அங்க யாரும் பிரம்பு வச்சிருக்கல.