கடைசல் கற்ற மகன்

புனே நகரை அடுத்த போசரியில், சிறு தொழிற்பட்டறைகள் நிறைந்த தெரு ஒன்றில், கோயம்புத்தூரிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் லேத் பட்டறை நடத்தி வந்தார். 12ஆம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் அவருடைய மகன் அங்குத் தொழில் கற்கச் சென்றான். அக்கம்பக்கத்தார் அவ்வியந்திரத்தை இந்தியில் 'கராத்' என்றனர். தந்தையோ, "தமிழில் இதற்குக் கடைசல் இயந்திரம் என்று பெயர், கண்ணு. உன் பாட்டி மோர் கடையும்போது மத்து சுழலும், இங்கே இரும்பு சுழலும்" என்றார். சமையலறையில் கேட்ட சொல் பட்டறையிலும் வழங்குவதை அறிந்து மகன் வியந்தான்.

முதல் வாரம் அவன் இயந்திரத்தை இயக்கவில்லை. எண்ணெய் இட்டான், துடைத்தான், உற்றுப் பார்த்தான். 'சக்' என்னும் பகுதியின் மூன்று தாடைகள் இரும்புத் தண்டைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகின்றன. கத்தி சுழல்வதில்லை; அது மெல்ல நகர்ந்து தண்டைச் சீவுகிறது. கத்தியின் நுனி தண்டின் மையத்திற்கு நேராக இருத்தல் வேண்டும்.

தந்தை சில விதிகளை நாள்தோறும் நினைவூட்டினார். தளர்ந்த சட்டைக் கையும் கையுறையும் கூடா. சுழலும் தண்டு அவற்றோடு கையையும் இழுத்துக்கொள்ளும். சக்கை இறுக்கிய சாவியை உடனே எடுத்துவிட வேண்டும். மறந்தால் அது கல்லைப் போலப் பறந்து வந்து தாக்கும். சீவல் சுருள்கள் சூடானவை, கூரியவை; இயந்திரத்தை நிறுத்திய பின்னர்த் தூரிகையால் மட்டுமே அகற்ற வேண்டும்.

ஒரு மாதம் சென்றது. மாவு அரவை நிலையம் ஒன்றிற்கு 30 மி.மீ. விட்டமுள்ள தண்டு தேவைப்பட்டது. தந்தை அதனை 31 மி.மீ. வரை கடைந்துவிட்டு, "கடைசிச் சீவலை நீயே எடு" என்று கூறி வெளியே சென்றார். இன்னும் 1 மி.மீ. குறைய வேண்டும் என்று எண்ணிய மகன், கத்தியை 1 மி.மீ. உள்ளே செலுத்தினான். சீவி முடித்து அளந்தான். 29 மி.மீ. இருந்தது! தண்டு சுழல்வதால் கத்தி அதனைச் சுற்றிலும் சீவுகிறது. ஆகவே கத்தி செல்லும் அளவைப் போல் இருமடங்கு விட்டம் குறைகிறது. அதனை அவன் மறந்துவிட்டான்.

1 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினான். ஆனால் அத்தண்டு பேரிங்கினுள் தளர்ந்து ஆடும்; விரைவில் தேயும்; அரவை நிலையக்காரரின் பிழைப்பு மீண்டும் நின்றுபோகும்.

தந்தை திரும்பியதும், "அப்பா, தவறு செய்துவிட்டேன்" என்றான். அவர் தண்டை வாங்கி அளந்தார். சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அரவை நிலையக்காரரை அழைத்து, பிழை தம் பட்டறையினுடையது என்றும், மறுநாள் காலையில் தண்டு கிடைக்கும் என்றும் கூறினார்.

அன்றிரவு புதிய இரும்பை மகனிடமே கொடுத்தார். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு அருகில் நின்றார். மகன் 31 மி.மீ. வரை கடைந்தான். பின்னர் 0.4 மி.மீ. மட்டும் செலுத்தி, நிறுத்தி, அளந்தான்: 30.2. மேலும் 0.1 மி.மீ. செலுத்தினான். பேரிங் தண்டில் அளவாகப் பொருந்தியது.

"சீவிய இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது, கண்ணு. சொன்ன உண்மையால் ஒட்ட வைக்க முடிந்தது நம் பெயரை மட்டும்தான்" என்றார் தந்தை. 29 மி.மீ. தண்டு இன்றும் அப்பட்டறையின் சன்னல் ஓரத்தில் இருக்கிறது.

பயிற்சி

1. 26 மி.மீ. தண்டை 25 மி.மீ. ஆக்கக் கத்தியை எவ்வளவு உள்ளே செலுத்த வேண்டும்? காரணம் கூறுக.
2. மகன் தன் பிழையை மறைத்திருந்தால் யார் யார் துன்புற்றிருப்பர்?
3. உங்கள் வீட்டுப் பெரியவரின் தொழிலில் வழங்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தினைக் கேட்டு எழுதுக.