ஒரு குடும்பத்தின் திராட்சை இரசம்



திராட்சை இரசத்தைப் புகழ்ந்து ஒரு குரு எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குடியினால் பாழான குடும்பங்கள் பலவற்றை நாமும் கண்டிருக்கிறோம். அவர்தம் கண்ணீரையும் அறிவோம். ஆயினும் அளவோடு பருகும் இரசம் உள்ளத்திற்கு மகிழ்வூட்டும் என்று சீராக் ஆகமமே கற்பிக்கின்றது. கானாவூர்த் திருமணப் பந்தியையும் நாம் மறத்தல் இயலாது.

நமக்கு மிகவும் உவப்பானது லெபனான் நாட்டுச் செந்நிற இரசம் ஒன்று. உரோமையில் பயின்ற நாள்களில், அந்நாட்டுக் குரு ஒருவர் அதனை நமக்கு அறிமுகப்படுத்தினார். ஷாத்தோ முசார் என்பது அதன் பெயர். பெய்ரூத்துக்கு வடக்கே, காசிர் என்னும் ஊரில், 1930ஆம் ஆண்டு கஸ்தோன் ஹோஷார் என்பவர் தொடங்கிய இரசச்சாலை அது. இன்றும் அவர் குடும்பத்தாரே அதனை நடத்தி வருகின்றனர். திராட்சைத் தோட்டங்களோ மலைக்கு அப்பால், பெக்கா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் உள்ளன. பறித்த பழங்கள் மலையைக் கடந்தே காசிரை அடைய வேண்டும்.

1975 முதல் 1990 வரை அந்நாட்டை உள்நாட்டுப் போர் வாட்டியது. தோட்டத்திற்கும் சாலைக்கும் இடையே போர்முனைகள் குறுக்கிட்டன. 1959 முதல் இரசம் ஆக்கும் பொறுப்பை ஏற்றிருந்த கஸ்தோனின் மைந்தர் சேர்ஜ், பணியைக் கைவிடவில்லை. 1976இல் இரசம் ஆக்க இயலாது போயிற்று. 1984இல் சுற்றுவழியே வந்த வண்டிகளிலேயே பழங்கள் நொதிக்கத் தொடங்கின. எனினும் அடுத்த ஆண்டும் அறுவடைக்குச் சென்றார்கள்.

இவ்விரசம் ஓக் மரப் பீப்பாயிலும் பின்னர்ப் புட்டியிலும் முதிர்ந்து, அறுவடைக்குப்பின் ஏழாம் ஆண்டிலேதான் விற்பனைக்கு வரும். நாளைய பொழுது விடியுமா என்றறியாத மக்கள், ஏழாண்டு கழித்துப் பந்தியில் அமரப்போகும் முகமறியா விருந்தினருக்காக உழைத்தார்கள்!

பெருவிழா நாள்களில் நண்பர்கள் கூடும்போது, எப்பொழுதேனும் ஒரு புட்டி நமக்குக் கிட்டுவதுண்டு. உலர்ந்த பழமும் கிராம்பும் கலந்தாற்போன்ற மணம். நாவில் மெல்லிய புளிப்பு. கிண்ணத்தில் சற்று நேரம் வைத்திருந்தால் மணம் மேலும் விரியும். 2014ஆம் ஆண்டின் இறுதி நாளில் மறைந்த சேர்ஜையும், குண்டொலிக்கிடையே பழம் பறித்த கைகளையும் அப்போது நினைத்துக்கொள்வோம். அந்நினைவோடு பருகுங்கால், ஒரு கிண்ணமே நமக்குப் போதுமானதாகி விடுகின்றது.

கவலையை மறக்கவென்று குடிப்பவனுக்கு எத்துணைக் கிண்ணமும் போதுவதில்லை. பிறர் உழைப்பை நன்றியோடு நினைப்பவனுக்கோ சிறிதளவே நிறைவளிக்கும். நம் இல்லத்துப் பந்திகளிலும், கிண்ணத்தில் இருப்பது வெறும் மோரேயாயினும், இந்நன்றி குறையாதிருக்கட்டும்.